டாக்டரைக் கேளுங்கள்: கூட்டு மருந்து பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கு வந்தால்?

போன மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பிரஷர், சர்க்கரை, காசநோய் மாத்திரை எல்லாம் கிடைக்கிற அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் கிடைக்கிற நாள் வரவேண்டும் என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள், பலர் பயந்திருக்கிறார்கள், ஒரு தம்பி நேராகச் சண்டைக்கே வந்திருக்கிறார். பெயர், அடையாளம் எல்லாம் எடுத்துவிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 54 வயது, மூட்டை தூக்கும் வேலை. 14 வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். பெரிய ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து) மையத்துக்குப் போய் வந்தால் அன்றைய கூலி போச்சு. எங்கள் ஏரியா கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் என்ன செய்வது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ஐயா, முதலில் இன்றைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கூட்டு மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டு, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கட்டுக்குள் இருப்பவர்களை வீட்டுக்குப் பக்கமான இணைப்பு ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றி, அங்கேயே மாத்திரை வாங்கிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஒரே தடவையில் மூன்று மாத மாத்திரை தருவதற்கும் வழி உண்டு. அடுத்த முறை போகும்போது ஆற்றுப்படுத்துநரிடம் (கவுன்சிலரிடம்) இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் கூலி போவது நான்காகக் குறைந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் அந்த மருந்து கொடுக்கும் பெண். நான் பயப்படாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பல வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. உள்ளவரின் கேஸ் ஷீட் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைப்பார்கள். கூட்டிப் பெருக்குகிறவர் முதல் பார்க்க வந்த சொந்தக்காரர் வரை அதைப் படிக்கலாம். ஒரு பெண்ணுக்குப் பிரசவம் முடிந்து வார்டுக்கு வருவதற்குள் மாமியார் வீட்டுக்கு விஷயம் போய்விட்டது, அவள் குழந்தையோடு நேராக அம்மா வீட்டுக்குத்தான் போனாள். அதைப் பார்த்தவள் நான். அதனால்தான் இடத்தை மாற்றுவதற்கு முன்னால் பழக்கத்தை மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பழக்கம் என்றால் என்ன? எச்.ஐ.வி.க்கென்று தனி வரிசை, தனி அறை, 'செவ்வாய்க்கிழமை மட்டும்' என்பது மாதிரி தனி நாள், இது எதுவும் கூடாது. பிரஷர் மாத்திரைக்கு என்ன கவரோ அதே கவர். சீட்டில் நோயின் பெயர் வராமல் எண் மட்டும். மருந்தாளுநர், பதிவேடு எழுதுபவர், காவலாளி உட்பட எல்லோருக்கும் பயிற்சி. இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் பக்கத்து ஆஸ்பத்திரி உங்களுக்கு மறைவாகக்கூட ஆகும். யோசித்துப் பாருங்கள், தாம்பரம் சானடோரியத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் பெயர்போன அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்குள் ஒருவர் மாதாமாதம் போனால், பார்க்கிறவர் ஆயிரம் யோசிப்பார். கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குள் போனால் சளி, சர்க்கரை, நாய்க்கடி, எதற்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

இன்னொன்று, நான் விடாப்பிடியாகச் சொல்வது: எந்த நிலையத்தில் வாங்குவது என்பதை நோயாளிதான் தேர்ந்தெடுக்கவேண்டும். வியாசர்பாடிக்காரர் கொளத்தூரிலோ அயனாவரத்திலோ வாங்கிக்கொள்ளட்டுமே. வார்டு எல்லையைக் காட்டி மடக்கினால் ஜனங்கள் மருந்தையே விட்டுவிடுவார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. புகாரை விசாரிக்க மாநில அளவில் குறைதீர்ப்பாளர் உண்டு, அவர் உத்தரவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை. இருபது பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் மருத்துவ நிறுவனங்களில் புகார் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. இங்கேதான் எனக்கு ஒரு கவலை. ஒரு சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபது பேர் எங்கே இருக்கிறார்கள்? எனவே மாநகராட்சி அளவில் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் போன் நம்பரையும் ஒவ்வொரு நிலையத்தின் சுவரிலும் எழுதிவைத்த பிறகுதான் மாத்திரையை அங்கே கொண்டுவரவேண்டும்.

மகள் கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தொற்றால் மகளுக்கோ வரப்போகும் மாப்பிள்ளைக்கோ எந்த ஆபத்தும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே வீட்டில் இருந்தாலும் பரவாது. வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால் தாம்பத்திய உறவில்கூட அடுத்தவருக்குத் தொற்றாது, இதை உலக சுகாதார நிறுவனமே உறுதியாகச் சொல்லியிருக்கிறது. மனசைத் தேற்றிக்கொண்டு நல்ல வரனாகப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 47 வயது. ஏ.ஆர்.டி. மையத்தில் தினமும் ஒரு மாத்திரை தருகிறார்கள். போன வருஷம் சர்க்கரை வந்தது, அதற்கு வீட்டுப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் மெட்ஃபார்மின் வாங்குகிறேன். மூட்டு வலிக்குக் கால்சியமும் எழுதிக்கொடுத்தார். அவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் ஏதாவது ஆகுமா?
– வாசகி, கொளத்தூர்

பதில்: ஆகலாம் அம்மா, அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். உங்களுக்குத் தரும் ஒரு மாத்திரைக்குள் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். இதில் டோலுடெக்ராவிர் இருக்கும்போது மெட்ஃபார்மின் ரத்தத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் தங்கும். அதனால் மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். உங்கள் அளவு அதைவிடக் கூடுதலாக இருந்தால் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், இந்த வாரமே ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் வேறு மாதிரி வம்பு. வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்துப் போட்டால், எச்.ஐ.வி. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் போடுவதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எச்.ஐ.வி. மாத்திரையைப் போடுங்கள், அல்லது இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். ஜெலுசில் மாதிரி அசிடிட்டி மருந்துக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, அந்த 2 மணி, 6 மணி இடைவெளி கட்டாயம். கர்ப்பிணிகள் இதை இரண்டு மடங்கு கவனிக்கவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எல்லாக் கர்ப்பிணிக்கும் இரும்பும் கால்சியமும் தருகிறோம்.

காசநோய் வந்தால் இன்னும் ஒரு படி மேலே. அதற்குத் தரும் ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரை வேகமாக உடம்பிலிருந்து வெளியேற்றிவிடும். அந்தக் காலம் முழுக்க டோலுடெக்ராவிரைத் தினம் ஒன்றுக்குப் பதில் இரண்டு தடவை தரவேண்டியிருக்கும்.

எல்லா நோய்க்கும் ஒரே கூரை, ஒரே கூரை என்று நான் ஏன் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் கடிதம்தான் பதில். 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது, முதல் எட்டு மையங்களில் தாம்பரம் ஒன்று. அன்றைக்கு வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள், உயிர் பிழைத்தால் போதும் என்பதுதான் எங்கள் கணக்கு. அவர்களுக்கு ஒரு நாள் ஐம்பது வயதாகும், சர்க்கரை வரும், பிரஷர் வரும், கண்புரை வரும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. இன்றைக்கு வந்துவிட்டது, அது வெற்றிதான். ஆனால் எச்.ஐ.வி. டாக்டருக்குச் சர்க்கரை தெரியாது, சர்க்கரை டாக்டருக்கு எச்.ஐ.வி. தெரியாது, நடுவில் நீங்கள் இரண்டு சீட்டையும் இரண்டு பையில் ஒளித்துவைத்துக்கொண்டு அலைகிறீர்கள். இதை ஒருவரே பார்த்தால் எவ்வளவு சுலபம்.

அந்த டாக்டரிடம் சொல்ல மனம் வரவில்லை என்றால் சொல்ல வேண்டாம், அது உங்கள் உரிமை. அவர் எழுதித்தரும் ஒவ்வொரு மருந்தையும் ஏ.ஆர்.டி. மையத்தில் காட்டிவிட்டுப் போடுங்கள். அல்லது சர்க்கரை மாத்திரையையும் அரசு ஆஸ்பத்திரிக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ளவர்களும் வருவார்கள் என்றால், நான் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் இடத்துக்கு எப்படி தைரியமாகப் போவது?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள் அம்மா. காய்ச்சலுக்கு, இருமலுக்கு, பிரசவத்துக்கு எல்லாம் வருகிறார்கள், உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தடுப்பூசிக்கு ஒரு தடவை போட்டதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு, மறுபடி உபயோகிக்கவே முடியாது. நாற்காலியாலோ, பிரஷர் மெஷினாலோ, கொசுவாலோ எச்.ஐ.வி. பரவாது. குழந்தைக்கு எந்த ஊசியையும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்கக்காரன் பணத்தை நிறுத்தினான், உடனே எல்லோரும் 'ஒருங்கிணைப்பு' என்று பேச ஆரம்பித்துவிட்டீர்கள். தமிழ்நாடு சாதித்ததே தனித் திட்டமாக இருந்ததால்தான். பொதுவில் கரைத்தால் காணாமல் போய்விடும். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வீர்களா?
– மாணவர், சைதாப்பேட்டை

பதில்: தம்பி, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் ஊரில்தான். 1986ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, அவருக்கு வழிகாட்டிய சுனிதி சாலமன், இந்த இரண்டு பெண்கள்தான் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். 1994ல் நாட்டிலேயே முதல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கியதும் தமிழ்நாடு. அந்தக் காலத்தில் பொது வார்டில் எச்.ஐ.வி. உள்ளவரைத் தொடக்கூட ஆளில்லை. தனி மையம், தனி ஆற்றுப்படுத்துநர், தனிப் பணம் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனையோ பேர் வராந்தாவிலேயே செத்திருப்பார்கள். அதை மறுக்கவே மாட்டேன்.

பணத்தைப் பற்றி. எச்.ஐ.வி.க்காக 2003ல் தொடங்கிய அமெரிக்க உதவித் திட்டமான பெப்ஃபார், 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகள் முடக்கப்பட்டபோது தடுமாறியது. ஆப்பிரிக்காவில் அதை நம்பியே நடந்த கிளினிக்குகள் மூடப்பட்டன. நம் நிலைமை அப்படி இல்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரை, மத்திய அரசு ஒதுக்கியது சுமார் 15,472 கோடி ரூபாய். மாத்திரையும் நம் நாட்டிலேயே தயாராகிறது. 2001ல் சிப்லா கம்பெனி அன்றைய கூட்டு மருந்தை ஒரு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2023ல், அதைவிட நல்ல மருந்தை, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் வருஷத்துக்கு 45 டாலருக்கும் குறைவாக வாங்கியது. எனவே நாளைக்கே மாத்திரை நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் ஏன் இணைக்கவேண்டும்? நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள், அவர்கள் இன்னும் முப்பது நாற்பது வருஷம் மாத்திரை சாப்பிடவேண்டியவர்கள். புதுத் தொற்று குறையக் குறைய, 'இதற்கெதற்குத் தனியாக இவ்வளவு' என்ற கேள்வி பட்ஜெட் போடுகிற ஒவ்வொரு வருஷமும் எழும். தனியாக நிற்கும் எதையும் ஒரே கையெழுத்தில் வெட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தை மூட எந்த அரசுக்கும் தைரியம் வராது, ஜனங்கள் விடமாட்டார்கள். கூட்டு மருந்து அதற்குள் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. தாய்லாந்து கூட்டு மருந்தைத் தன் பொதுச் சுகாதாரக் காப்பீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்ததாக 2016ல் ஆசியாவில் முதலில் சான்று பெற்றதும் அந்த நாடுதான்.

ஆனால் கரைந்துவிடும் என்கிற உங்கள் பயம் நியாயமானது, அதற்கு நானே ஒரு உதாரணம் தருகிறேன். தொழுநோய். அதற்கும் ஒரு காலத்தில் தனித் திட்டம், தனிப் பணியாளர்கள் இருந்தார்கள், செங்கல்பட்டில் மத்திய ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் அதைப் பொது மருத்துவத்தோடு இணைத்தார்கள். 2005 முடிவில், பொது சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். அதன்பின் தோலில் உணர்ச்சியில்லாத தேமலைப் பார்த்தவுடன் அடையாளம் கண்ட பழைய கைகள் ஓய்வுபெற்றுப் போய்விட்டன, புது டாக்டர்களுக்கு அந்தக் கண் இல்லை. இன்றும் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் புதுத் தொழுநோயாளிகள். இதை மறந்துவிட்டு எச்.ஐ.வி.யை இணைக்கக் கூடாது.

எனவே நான் கேட்பது இதுதான். மாத்திரையும் மாதாந்திரப் பரிசோதனையும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வரட்டும். கண்காணிப்பு, கணக்கு, பயிற்சி, ஆற்றுப்படுத்துநர், இவை தனியாகவே, தனிப் பணத்தோடு இருக்கட்டும். மாத்திரை தோற்று வைரஸ் ஏறியவர்கள், குழந்தைகள், சிக்கலான நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரி மையத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: நான் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். தடுப்பூசி, கர்ப்பிணிகள், பிரஷர், சர்க்கரை, டெங்கு, கம்ப்யூட்டர் பதிவு என்று ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது மேடம். இதுவும் எங்கள் தலையிலா?
– சகோதரி, போரூர்

பதில்: சிஸ்டர், ஆளே போடாமல் வேலையை மட்டும் போட்டால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

அதே சமயம் இதில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள். பதிவுக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்கிறீர்கள், முதல் சோதனையில் ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்) என்று வந்தால், எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி உறுதி செய்கிறீர்கள். காசநோய் உள்ளவர்களுக்கும் அப்படியே. அந்த ஒரு சோதனையால் எத்தனை குழந்தைகள் தொற்றில்லாமல் பிறந்திருக்கின்றன என்று உங்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன், அது உங்கள் கைவேலை. நர்ஸுகளால் முடியுமா என்ற சந்தேகத்துக்குத் தென்னாப்பிரிக்கா 2010லேயே பதில் சொல்லிவிட்டது. அங்கே பயிற்சி பெற்ற நர்ஸுகளே கூட்டு மருந்தைத் தொடங்கவும் தொடரவும் செய்கிறார்கள், அதனால்தான் அவ்வளவு பெரிய எண்ணிக்கையைச் சமாளிக்க முடிந்தது.

பொறுப்பைத் தருவதற்கு முன் நீங்கள் உங்கள் நர்ஸ் சங்கம் மூலமாகக் கேட்கவேண்டியவை இருக்கின்றன. நான்கைந்து நிலையங்களுக்கு ஓர் ஆற்றுப்படுத்துநராவது வேண்டும், ஏனென்றால் புதிதாகப் பாசிட்டிவ் என்று தெரிந்த பெண்ணோடு ஒரு மணி நேரம் பேச உங்களுக்கு நேரமில்லை, அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் அவள் திரும்பி வரமாட்டாள். மாத்திரை இருப்பு எப்போதும் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. ஏற்கெனவே உள்ள பதிவிலேயே இதுவும் சேரவேண்டும், இன்னொரு நோட்டு கூடாது. அப்புறம், நோயாளிக்குப் போட்ட ஊசியைத் தவறிக் கையில் குத்திக்கொண்டால் போடவேண்டிய தடுப்பு மருந்தின் முதல் வேளை உங்கள் நிலையத்திலேயே இருக்கவேண்டும். சீக்கிரமாக, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் போடவேண்டிய மருந்து அது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு நர்ஸ் அதைத் தேடி ஆட்டோவில் ஊர் சுற்றக் கூடாது.

கேள்வி: நான் திருநங்கை. கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிடும்போதே சிரிப்பார்கள். அங்கே போய் வாங்கு என்றால் மாத்திரையே வேண்டாம் என்று இருந்துவிடுவேன். எங்கள் அமைப்பின் மையத்தையும் மூடிவிடுவீர்களா?
– வாசகி, எழும்பூர்

பதில்: மூடவே கூடாது அம்மா. ஒருங்கிணைப்பு என்ற பெயரில் உங்கள் சமூகம் நடத்தும் மையங்களில் கைவைத்தால் முதல் ஆளாக எதிர்த்து எழுதுவேன். உங்களைப் போன்றவர்கள், பாலியல் தொழிலில் உள்ள பெண்கள், ஊசி வழியாகப் போதை எடுப்பவர்கள், ஆண்களோடு உறவுள்ள ஆண்கள், இவர்களைத் தேடிப் போய்ப் பேசி அழைத்து வந்தது அந்த அமைப்புகள்தான், எந்த அரசு ஆஸ்பத்திரியும் இல்லை. திருநங்கைகளுக்கு நாட்டிலேயே முதலில், 2008ல், நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அந்த மாநிலத்தின் ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடும்போது சிரிப்பு வருகிறது என்பதைப் படிக்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரி என்பது கூடுதலாகத் திறக்கும் ஒரு கதவு, அவ்வளவுதான். பழைய கதவு திறந்தே இருக்கவேண்டும். தயவுசெய்து மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சாவுக்காக அவசரமாக ஊருக்கு வந்தேன். மாத்திரை இன்னும் இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது, சென்னை திரும்ப பத்து நாளாகும். நடுவில் விட்டால் பரவாயில்லையா?
– வாசகர், பல்லாவரம் (இப்போது தென்காசிப் பக்கம்)

பதில்: விடாதீர்கள். பக்கத்து மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஏ.ஆர்.டி. மையம் இருக்கும், நாளைக்குக் காலையிலேயே உங்கள் ஏ.ஆர்.டி. புத்தகத்தோடு போங்கள். பதிவு சென்னையில் இருந்தாலும், பயணத்தில் இருப்பவர் என்று கொஞ்ச நாளுக்கு மாத்திரை தர வழி இருக்கிறது. புத்தகத்தைக் கொண்டுவரவில்லை என்றால் உங்கள் சென்னை மையத்து ஆற்றுப்படுத்துநருக்குப் போன் போட்டு, அங்கிருந்தே இவர்களிடம் பேசச் சொல்லுங்கள். மையம் எங்கே என்று தெரியவில்லையா, 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. ஒரு வேளை தவறிவிட்டால் ஞாபகம் வந்தவுடன் போடுங்கள், அடுத்த நாள் இரண்டாகச் சேர்த்துப் போடவேண்டாம். காரியம் முடிந்து நல்லபடியாகத் திரும்பி வாருங்கள், வந்ததும் மூன்று மாத மாத்திரைக்குக் கேளுங்கள்.